வேம்பு: எது மருந்து, எது நஞ்சு?

திருகோணமலைக் குடாவைச் சுற்றியுள்ள எமது ஊர்களில், மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும், வேம்பு நிற்காத வளவுகள் குறைவு. சிங்கள மக்கள் இதனைக் கொஹொம்ப என்பர். அம்மாள் வருத்தம் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவதும், சேமித்த நெல்லுக்குள் காய்ந்த இலையைப் போடுவதும், பங்குனி, சித்திரையில் உதிரும் பூவைச் சேர்த்து வடகம் போடுவதும் எமக்குப் புதியவையல்ல. ஆயினும், இம்மரத்தின் எப்பகுதி எதற்கு உதவும், எங்கே தீங்கு செய்யும் என்பதில் எமது குடும்பங்களிடையே போதிய தெளிவு இல்லை.

வேம்பின் கசப்பை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சலிமுஸ்ஸமான் சித்தீக்கி. 1942இல் அவர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலான கசப்புப் பொருட்களைப் பிரித்தெடுத்தார். 1968இல் விதையிலிருந்து அசாடிராக்டின் பிரிக்கப்பட்டது. பூச்சிகளை உண்ணவிடாமலும் வளரவிடாமலும் தடுப்பது இதுவே. நெல்லுக்குள் இலை போட்ட எமது முன்னோருக்கு இப்பெயர் தெரியாது, பயன் தெரிந்திருந்தது.

மருத்துவத்தில் வேம்பு சிறந்து விளங்குவது தோல் நோய்களில். பச்சை இலை நான்கு பங்கும் மஞ்சள் ஒரு பங்கும் சேர்த்து அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசலாம். 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இவ்வாறு வேம்பும் மஞ்சளும் பூசிய 814 பேரில் 97 வீதமானோர் 3 முதல் 15 நாட்களுக்குள் குணமடைந்தனர். ஆனால் சொறியை உண்டாக்குவது தோலுக்குள் வாழும் ஒரு சிற்றுயிர். ஆகவே ஒருவருக்கு மட்டும் பூசிப் பயனில்லை. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூசி, உடுப்பு, பாய், போர்வை யாவற்றையும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிட வேண்டும். இதைச் செய்யாமல் மருந்தைக் குறைகூறுவோரே அதிகம்! பல்லுக்கு வேப்பங்குச்சி நல்லது. நுனியை நன்றாக மென்று நார்போலாக்கிய பின்பே துலக்க வேண்டும், இல்லையேல் முரசு கிழியும்.

இனி நாம் அழுத்திச் சொல்ல வேண்டியது வேப்பெண்ணெயைப் பற்றியது. சளிக்கும் பூச்சிக்கும் என்று கைக்குழந்தைக்கு இதனைப் பருக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. மலேசியாவில் இவ்வாறு கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, அயர்ச்சி, வேகமூச்சு, வலிப்பு ஆகியன ஏற்பட்டதை 1981இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டு உயிரிழப்பும் நேரலாம். இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்ற எண்ணம் இங்கே பொய்த்துவிடுகிறது. குழந்தை தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைப்பேற்றை எதிர்பார்ப்போரும் வேம்பை உள்மருந்தாக உட்கொள்ளல் ஆகாது. நீரிழிவு மாத்திரை எடுப்போர் வேப்பிலைச் சாற்றையும் சேர்த்துக் குடித்தால் சீனி மட்டம் அளவுக்கு மீறிக் குறையக்கூடும்.

காய்ச்சலுக்கு வேப்பம்பட்டைக் கசாயம் கொடுப்பது பழைய முறை. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இன்று நாம் அஞ்சுவது டெங்குவுக்கு. கசாயத்தை நம்பி நாட்களைப் போக்காது, காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

உள்மருந்தாக வேம்பை நாடுவோர் கைமருந்தாகச் செய்யாது, பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் அளவு கேட்டறியட்டும். வீட்டில் வேப்பெண்ணெய் வைத்திருப்போர் போத்தலில் 'பூச மட்டும்' என்று எழுதி ஒட்டி, நல்லெண்ணெய்ப் போத்தலுக்கு அருகில் வைக்காது, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.