மறுப்பை எழுத்தில் கேளுங்கள்

கல்லூரிக்குக் காசு – 6

கல்விக் கடன் கிடையாது என்று வங்கிக் கிளைகளில் யாரும் லேசில் எழுதித் தருவதில்லை. வாயால் சொல்வதோடு சரி.

“இது உங்க ஏரியா பிராஞ்ச் இல்லீங்களே.” “இந்த வருஷ டார்கெட் முடிஞ்சிடுச்சு.” “சொத்து ஏதாவது இருக்குங்களா?” “முதல்ல இங்க ஒரு அக்கவுன்ட் ஆரம்பிங்க, அப்புறம் பார்க்கலாம்.” இதில் ஏதாவது ஒன்றைக் கேட்டதும் அப்பா “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிடுகிறார். பையில் மகளுடைய ஒதுக்கீட்டு ஆணை அப்படியே இருக்கிறது. வங்கியின் பதிவேட்டில் அவர் வந்துபோன சுவடே இல்லை. கொடுக்காத விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்று பிறகு யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

சென்ற வாரம் உதவித்தொகைகளைப் பார்த்தோம். அவற்றைக் கழித்த பிறகும் விடுதி, புத்தகம், போக்குவரத்து என்று ஒரு தொகை நிற்கும். அதற்குத்தான் கடன். இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் ஒரு மாதிரித் திட்டம் வகுத்தது. பிறகு பலமுறை திருத்தப்பட்டாலும் வங்கிகளின் கல்விக் கடனுக்கு இன்றும் அடிப்படை அதுதான். அதன்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். நம் பங்காக ‘மார்ஜின்’ பணமும் கட்ட வேண்டியதில்லை. 7.5 லட்சத்துக்கு மேலே போனால்தான் சொத்துப் பத்திரம். எடுத்த எடுப்பிலேயே “வீட்டுப் பத்திரம் இருக்கா?” என்று கேட்டால், எவ்வளவு தொகைக்குக் கேட்கிறார்கள் என்று பணிவாகத் திருப்பிக் கேட்பதில் தப்பில்லை.

‘ஏரியா’ பிரச்சினைக்கும் பதில் இருக்கிறது. மாணவரின் வீடு சேவைப் பகுதிக்குள் இல்லை என்பதற்காகக் கல்விக் கடன் மனுவைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இன்னொரு விதி இதைவிட முக்கியமானது, ஆனால் அதிகம் பேருக்குத் தெரியாதது. கல்விக் கடன் மனுவை நிராகரிக்க வேண்டுமானால், கிளை மேலாளர் தமக்கு மேலுள்ள அதிகாரியின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். காரணத்தையும் மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும். மாதிரித் திட்டத்திலேயே உள்ள ஏற்பாடு இது. எழுத்தில் மறுப்பது மேலாளருக்கு வேலை வைக்கும் காரியம். வாயால் மறுத்தால் ஒரு வேலையும் இல்லை. வாய்வார்த்தை ஏன் இவ்வளவு தாராளமாக வருகிறது என்பது இப்போது புரியும்.

ஆகவே நேரில் போய் நிற்பதற்கு முன்னால் வித்யாலட்சுமி தளத்தில் மனுவைப் போட்டுவிடுங்கள். 2015 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்ட தளம் இது. ஒரே படிவம்தான், பல வங்கிகளுக்கும் அதுவே செல்லும். கணினி பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்திலோ, கல்லூரி அலுவலகத்திலோ உதவி கேட்கலாம். மனு எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஆவணங்களின் நகல்களோடு கிளைக்குப் போனால் பேச்சின் தொனியே மாறுவதைக் கவனிக்கலாம். அதற்குப் பிறகும் இழுத்தடித்தால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் இருக்கிறார். கலெக்டர் அலுவலகத்துத் திங்கள்கிழமை மனு நாள் இருக்கிறது. வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லாத வழி அது.

மேலாளர்களை வில்லன்களாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிணையில்லாமல் கொடுத்த கடன் திரும்பவில்லை என்றால் கேள்வி அவரிடம்தான் வரும். தெருவுக்குத் தெரு பொறியியல் கல்லூரி முளைத்த காலத்தில் கடன் வாங்கிப் படித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு வேலை அமையவில்லை. அந்தக் கணக்குகள் வாராக் கடனாகிக் கிளைகளின் தலையில் விழுந்தன. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு, வராமல் போகும் தொகையில் 75 சதவீதத்தை ஈடுகட்ட மத்திய அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. கல்லூரி சரியில்லை, அந்தப் படிப்புக்கு வேலை வாய்ப்பில்லை என்று மேலாளர் நினைத்தால் அதைத் தாளில் எழுதட்டும். நமக்கும் அது தெரியவேண்டிய செய்திதானே. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு வங்கிகள் தயங்குகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலந்தாய்வில் வந்த இடத்துக்கு உள்ள பலம் அதற்கு இல்லை.

ஆவணங்களை ரிசல்ட் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றுக்கும் ஏப்ரலிலேயே இ-சேவையில் விண்ணப்பித்துவிடலாம். ஜூன் மாதத்தில் வி.ஏ.ஓ.விடமும் ஆர்.ஐ.யிடமும் ஊரே வரிசையில் நிற்கும். முதல் பட்டதாரி சான்றுக்குக் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்ற உறுதிமொழி தேவை. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சான்றை வைத்துக் கல்விக் கட்டணச் சலுகையை வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. அந்தச் சலுகையும் அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே. கல்லூரியில் சேர்ந்ததும் போனஃபைடு சான்றும், எல்லா ஆண்டுகளுக்குமான கட்டண விவரமும் கேட்டு வாங்குங்கள். முதலாண்டுக் கட்டணச் சீட்டை மட்டும் கொண்டுபோனால் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள்.

இனி வட்டி. கடன் கையெழுத்தாகிவிட்ட மகிழ்ச்சியில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, நாக் அல்லது என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற இடத்தில் தொழில்முறைப் படிப்பு படித்தால், படிப்புக் காலம், அதற்கு மேல் ஓராண்டு வரைக்குமான வட்டியை மத்திய அரசே கட்டுகிறது. 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கும் திட்டம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்காண்டுப் படிப்பு, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு கழியும்போது முதல் லட்சம் 5 ஆண்டு நின்றிருக்கும். அடுத்தடுத்தவை 4, 3, 2 ஆண்டுகள். தனிவட்டியாகவே 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 4 லட்சமா, 5.4 லட்சமா என்பதைத் தீர்மானிப்பது ஒரு வருமானச் சான்று. அதைக் கடன் மனுவோடு கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். மானியம் கோரி வங்கிதான் மேலே அனுப்ப வேண்டும். ஆண்டுக்கொரு முறை பாஸ்புக்கில் அது வரவு வைக்கப்பட்டதா என்று பாருங்கள். படிப்பைப் பாதியில் நிறுத்தினால் மானியமும் நின்றுவிடும். மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

வருமானம் அந்த வரம்பைத் தாண்டியவர்களுக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இருக்கிறது: 8 லட்சம் வருமானம் வரை, 10 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. தேசியத் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதால், உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு திட்டத்திலும் சேராதவர்கள், முடிந்தால் படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவரலாம். அப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டி விகிதத்தில் 1 சதவீதம் குறைக்க மாதிரித் திட்டம் இடம் தருகிறது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றைக்கே கேட்டு, ஒப்புதல் கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)