மாலை வேளையை மீட்போம்!

“குடிக்காதே தம்பி, கெட்டுப்போவாய்!” என்று மேடையிலே முழங்குகிறோம். கை தட்டுகிறார்கள், கலைகிறார்கள். தட்டிய கைகளில் எத்தனை அன்றிரவே கோப்பையைத் தொட்டன என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்த்த நாடு ஒன்று உண்டு.

ஐஸ்லாந்து! வடதுருவத்தை ஒட்டிய பனித்தீவு. நாட்டு மக்கள் அனைவரையும் சேர்த்தாலும் நான்கு இலட்சத்தைச் சுற்றித்தான். 1998இல் அங்கே 15, 16 வயது மாணவர்களைக் கேட்டார்கள். முந்தைய ஒரு திங்களுக்குள் குடித்து வெறி கொண்டவர் நூற்றுக்கு 42 பேர்! நாள்தோறும் புகைத்தவர் 23 பேர். கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர் 17 பேர். 2016இல் அதே வயதினரிடம் அதே கேள்வி. 42 என்பது 5 ஆகிவிட்டது. 23 என்பது 3. 17 என்பது 7. அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவின் பிற நாடுகள் பலவற்றிலும் இளைஞர் குடி குறைந்தது உண்மையே. ஆனால் இந்த வேகம் வேறெங்கே?

மந்திரமா, மாயமா? இரண்டும் அல்ல, தோழர்களே. “போதை பொல்லாதது” என்ற பாடம் அங்கும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. பயனில்லை. பிறகுதான் வினாவை மாற்றினார்கள். குடிப்பவன் ஏன் குடிக்கிறான் என்பதோடு, குடிக்காதவன் ஏன் குடிக்கவில்லை என்றும் கேட்டார்கள். மாலையில் ஆடுகளத்திலோ இசைக்கூடத்திலோ ஒழுங்காகப் பயிற்சி பெறுபவன், பெற்றோருடன் பொழுதைக் கழிப்பவன், பள்ளியில் தன்மீது அக்கறை உண்டு என்று உணர்பவன், இரவில் தெருச் சுற்றாதவன்: இவர்களே தப்பியவர்கள்.

விடை கிடைத்ததும் காசை அவிழ்த்தார்கள். ஆட்ட மன்றங்களுக்கு அரசுப் பணம், தேர்ந்த பயிற்சியாளர், பனியிலும் பந்தாட உள்ளரங்கு! தலைநகர் ரெய்க்யவிக் நகராட்சி, பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 35,000 குரோனா என்ற அளவில் மன்றக் கட்டணத்தைத் தானே ஏற்றது. முதலாளி மகன் ஆடும் களத்தில் மீன் வெட்டும் தொழிலாளியின் மகனும் ஆடலாம். சட்டமும் கை கொடுத்தது. 18 வயது ஆகாதவனுக்குப் புகையிலை இல்லை. 20 ஆகாதவனுக்கு மது இல்லை. இரண்டுக்கும் விளம்பரம் கிடையாது. 13 முதல் 16 வயதுவரை உள்ளவர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்குமேல் தனியே வெளியே திரியக் கூடாது. பெற்றோரே குழு சேர்ந்து இரவில் தெருவை வலம் வந்தார்கள்.

அங்கும் மதுக்கடை அரசுடையதே! நம் ஊரிலும் 21 வயது என்ற சட்டம் இருக்கிறது. பள்ளிக்கு 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கத் தடையும் இருக்கிறது. ஏட்டில் இருப்பதை வீதியில் நிறுத்துவது யார்? அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்கிறோமா?

பெற்றோர் பிள்ளையுடன் இருக்க வேண்டும் என்பது எளிது. விடியுமுன் ஆலைக்குப் போய், மிகைநேரம் பார்த்து, பிள்ளை தூங்கியபின் திரும்புகிற தகப்பன் எங்கே இருப்பான்? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதும், மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்ததும் நினைவிருக்கும். எட்டு மணி நேரம் என்பது கூலிக் கணக்கு மட்டுமன்று. அது மகனின் நுரையீரல் கணக்கு, கல்லீரல் கணக்கு!

இனி நம் மன்றங்களுக்கு வருவோம். பெயர்ப்பலகை உண்டு, கொடிக்கம்பம் உண்டு. பூட்டு மட்டும் தேர்தலுக்குத் தேர்தல்தான் திறக்கிறது. ஒரு பந்து, ஒரு வலை, நான்கு கர்லாக்கட்டை, சிலம்பம் தெரிந்த ஒரு பெரியவர். மாலை 6 மணிக்குத் திறந்து 9 மணிக்குப் பூட்ட, முறை வைத்து இரண்டு தோழர்கள். பெண் பிள்ளைகளுக்கும் அதில் நேரம் ஒதுக்க வேண்டும். விளக்குக்கும் திடலுக்கும் வார்டு உறுப்பினரிடம் மனுக் கொடுங்கள். அவர் நம் கட்சிக்காரராயிருந்தால் இருமுறை கொடுங்கள்.