ஸ்பானிஷ் படித்து வெளிநாடு போகணுமா? முதல் கேள்வி, எதுக்கு?

"இங்கிலீஷ் தெரிஞ்சா போதாதா கண்ணு, இது எதுக்கு?" திருப்பூரில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்ததும் அம்மா கேட்டது இது. அப்பா பனியன் கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். ஸ்பெயின் ஆர்டர் லேபிளில் 'அல்கொடோன்' என்று பார்த்து, அது பருத்தி என்று தெரிந்துகொண்டதுதான் மகளுக்குத் தொடக்கம். "ஆர்டர் குடுக்கறவங்ககிட்ட நானே நேரா பேசோணும்மா" என்கிறார். ஸ்பெயினில் ஓராண்டு முதுகலை படிக்கவும் ஆசை.

நல்ல காரணம்தான். ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா என்று சுமார் 20 நாடுகளில் இது அரசு மொழி, ஐ.நா.வின் ஆறு மொழிகளில் ஒன்று. நமக்கு ரொம்பக் கஷ்டமும் இல்லை. 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்' என்று பொருள். நம்மைப் போலவே 'நான்' சொல்லத் தேவையில்லை. ரகர றகர வித்தியாசம்கூட அங்கே உண்டு!

ஆனால் காரணத்தைப் பொறுத்துத்தான் செலவும் தேர்வும் மாறும். ஸ்பானிஷ் வழியில் முதுகலை என்றால் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பி2 நிலை கேட்கும். ஆங்கில வழி என்றால் அன்றாடப் பேச்சுக்கு ஏ2 போதும். 'டெலே' சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. 'சியலே' 5 ஆண்டுகள்தான் செல்லும். எது வேண்டும் என்று தெரியாமல் தேர்வுக் கட்டணம் கட்டிவிடாதீர்கள்.

அடுத்து ஆவணங்கள். பலர் மாட்டிக்கொள்வது பெயரில்தான். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, அதுவும் வேறு ஸ்பெல்லிங்கில் இருக்கும். ஸ்பெயின்காரர்களுக்கு அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு குடும்பப் பெயர்கள். அதனால் அவர்கள் படிவத்தில் நம் இனிஷியல் திண்டாடும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா விண்ணப்பங்களையும் நிரப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அட்மிஷனுக்கு முன்பே திருத்திவிடுங்கள்.

பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை வேண்டும். முதலில் மாநில அளவில் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகம். 'இ-சனத்' இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் மருத்துவச் சான்றும் தேவை. நன்னடத்தைச் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பியுங்கள். ரொம்ப முன்கூட்டியே எடுத்தால் விசா நேரத்தில் பழசாகிவிடும். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்ய வேண்டும். தெரிந்தவர் செய்து கொடுத்தால் ஏற்க மாட்டார்கள்.

கையில் பணம் காட்டுவதுதான் அந்த வீட்டுக்குப் பெரிய கவலை. கல்விக் கட்டணம் போக, மாதம் 600 யூரோ என்ற கணக்கில் தங்கும் செலவுக்குச் சான்று காட்ட வேண்டும். தொகை மாறக்கூடும், தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உயர்கல்வி மாணவர்கள் படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் வாரம் 30 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பி கடன் வாங்குவது ஆபத்து.

அப்பா வங்கியில் கல்விக் கடன் விசாரித்திருக்கிறார். மகள் இப்போதைக்கு பி1 பாடங்களோடு, அப்பா பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தும் விண்ணப்பத்தோடும் இருக்கிறார்.