மூல நிரலுக்கு ஒரு களஞ்சியம்

நெல்லுக்குக் குதிர் உண்டு. பணத்திற்கு வங்கி உண்டு. புத்தகத்திற்கு நூலகம் உண்டு. கணிப்பொறிக்காக மனிதர் எழுதும் நிரலுக்கு என்ன உண்டு? அதற்கும் ஒரு களஞ்சியம் உண்டு. அதனைப் பெருநகரங்களில்தான் அமைக்க வேண்டும் என்பதில்லை. நம் ஏலகிரி மலையிலும், ஒரு பள்ளியின் கணிப்பொறி அறையிலேயே அமைக்கலாம். அது எவ்வாறு, எதற்காக என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூல நிரல் என்பது யாது? ஆம்பூரில் தைத்து முடித்த காலணி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் அழகு தெரியும். ஆனால் தோலை எந்த அளவில் வெட்டினார்கள் என்பது தெரியாது. வெட்டுவதற்கு வைத்துள்ள அளவு அட்டைகளைப் பார்த்தால்தான் அது விளங்கும். அதுபோல, திரையில் நாம் காணும் மென்பொருள் முடிந்த காலணி; அதை ஆக்குவதற்கு எழுதப்பட்ட கட்டளைகளே மூல நிரல். அக்கட்டளைகளை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருளையே திறமூல மென்பொருள் என்றும், கட்டற்ற மென்பொருள் என்றும் கூறுகிறோம்.

அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டில் குனு என்னும் திட்டத்தை அறிவித்து இவ்வுரிமைக்காகக் குரல் கொடுத்தார். 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21-ஆம் வயதில் லினக்ஸை வெளியிட்டார். நாளடைவில் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அதற்குத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினர். இத்தனை பேர் எழுதுவதை ஒருவர் மற்றவருடையதை அழித்துவிடாமல் சேர்ப்பது எப்படி?

இந்தக் கவலை முன்பே இருந்ததுதான். 1972-இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் நிரலின் மாற்றங்களைக் குறித்துவைக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். லினக்ஸ் குழுவினர் ஒரு நிறுவனத்தின் கருவியை விலையின்றிப் பயன்படுத்தி வந்தனர். 2005-இல் அச்சலுகை நின்றது. லினஸ் மனம் தளரவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் தாமே புதிய கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் கிட். சில வாரங்களிலேயே லினக்ஸ் வேலை முழுவதும் அதில் நடைபெறலாயிற்று.

கிட் செய்யும் வேலையை நம் மலைப்பாதையைக் கொண்டே விளக்கலாம். ஏலகிரிக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை அவை தாங்கி நிற்கின்றன. பெயர்ப் பலகையைப் பார்த்தாலே எவ்வளவு தூரம் வந்தோம் என்பது தெரிந்துவிடும். கிட்டிலும் நம் வேலையை ஒரு கட்டத்தில் நிறுத்தி, ஒரு பலகை நடுகிறோம். அதற்குக் கமிட் என்று பெயர். யார் செய்தது, எந்த நாளில், எதற்காக என்பவை அதில் இருக்கும். ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 குறிகள் கொண்ட அடையாளம் ஒன்று அமையும். பழைய பதிவில் ஓரெழுத்தை மாற்றினாலும் அவ்வடையாளம் மாறிவிடுமாதலால், ஒருவர் யாரும் அறியாமல் வரலாற்றைத் திருத்திவிட முடியாது. வழி தவறினால் முந்திய வளைவுக்குத் திரும்பி வந்து மீண்டும் ஏறலாம்.

இனி, களஞ்சியம் அமைக்கும் முறையைக் காண்போம்.

முதலில் ஒரு கணிப்பொறி வேண்டும். பழையதே போதும், எழுத்துக் கோப்புகளைக் காத்து வைப்பதற்குப் பெரிய ஆற்றல் தேவையில்லை. அதில் 1993-இல் தொடங்கப்பட்ட டெபியன் போன்ற ஒரு லினக்ஸை விலையின்றி நிறுவலாம். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வழங்கிய கணினிகளில் பாஸ் இடம்பெற்றிருந்தது.

இரண்டாவதாக, அறையிலுள்ள மற்றக் கணிப்பொறிகளை ஒரு ஸ்விட்ச் பெட்டியின் வழியாகக் கேபிளால் இதனுடன் இணைக்க வேண்டும். இதற்கு இணையம் வேண்டியதில்லை. மழையில் மலை மேல் இணையம் அற்றுப்போனாலும் அறைக்குள் வேலை நிற்காது.

மூன்றாவதாக, எல்லாக் கணிப்பொறிகளிலும் கிட்டை நிறுவி, நடுக் கணிப்பொறியில் ஒரு வெற்றுக் களஞ்சியத்தைத் திறக்க வேண்டும். அங்கே அமர்ந்து யாரும் எழுதுவதில்லை. வரலாறு மட்டும் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும். மாணவி ஒவ்வொருத்திக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் தர வேண்டும். கமிட்டில் பதியும் பெயரை நாமே கொடுக்கிறோம் என்பதால், அவரவர் பெயரில் அவரவரே எழுதும் நேர்மை இங்கே மிகவும் அவசியம்.

நான்காவதாக, ஒவ்வொருத்தியும் களஞ்சியத்தின் முழுப் பிரதியைத் தன் கணிப்பொறிக்கு எடுத்துக்கொள்கிறாள். நிரல் மட்டுமன்று, அதன் வரலாறு முழுவதும் உடன் வருகிறது. வேலை முடிந்ததும் அதை நடுக் களஞ்சியத்துக்கு அனுப்புகிறாள். இடையில் தோழி ஒருத்தி முந்திக்கொண்டிருந்தால், அவளுடைய மாற்றத்தை முதலில் பெற்றுக்கொள்ளும்படி கிட் நிறுத்திச் சொல்லும். இருவரும் ஒரே வரியைத் திருத்தியிருந்தால் இரண்டையும் அடையாளமிட்டுக் காட்டும். எது சரி என்பதை இருவரும் கூடிப் பேசியே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவதாக, நிரலின் பயனை விளக்கும் கோப்பு ஒன்றும், உரிமக் கோப்பு ஒன்றும் வைக்க வேண்டும். உரிமம் இல்லாவிடில், நிரல் கண்ணுக்குத் தெரிந்தாலும் பிறர் அதை எடுத்துப் பயன்படுத்த உரிமையில்லை. 1989-இல் வந்த குனு பொது உரிமம் பலரும் பயன்படுத்துவதாகும்.

ஆறாவதாக, காப்புப் பிரதி. களஞ்சியம் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டும் வசதி கிட்டில் உண்டு. அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஜோலார்பேட்டைக்கு இறங்கினால், அங்குள்ள ஒரு கணிப்பொறியில் அவிழ்த்து, அங்கேயும் வேலையைத் தொடரலாம்.

இவ்வளவும் எதற்கு என்று பெற்றோர் கேட்கலாம். பத்தாம் வகுப்பில் பயிலும் நாங்கள் இரண்டு காரணங்களைக் கூற விரும்புகிறோம்.

எங்களுக்கு முன் படித்த அக்காமார், வாய்ப்பாடு கேட்கும் சிறு நிரல் ஒன்றைத் தமிழில் எழுதினார்கள். கீழ் வகுப்புத் தங்கைகள் அதில் ஆவலோடு விளையாடினார்கள். அது இருந்த கணிப்பொறியின் வட்டு பழுதானதும் நிரலும் போயிற்று. அதை எப்படி எழுதினார்கள் என்று கேட்க அக்காமாரும் இப்போது இங்கே இல்லை. ஆண்டுதோறும் மாணவியர் மாறும் பள்ளியில், ஒரு வகுப்பின் உழைப்பு அடுத்த வகுப்புக்குச் சேர வேண்டுமானால் களஞ்சியம் வேண்டும்.

இரண்டாவது காரணம் எங்கள் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் காலணி தைப்பவர்களில் எங்கள் தோழியரின் அம்மாக்களும் அக்காமாரும் இருக்கிறார்கள். அவர்கள் தைத்த காலணி கடல் கடந்து செல்கிறது. அதில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். தைத்தவர் பெயர் இராது. ஆனால் களஞ்சியத்தில் ஒரு வரி எழுதினாலும், ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும், செய்தவள் பெயர் அவ்வரியோடு நிற்கும். உழைத்தவரின் பெயர் மறையாத ஒரு தொழிலை நாங்கள் கற்க ஆசைப்படுகிறோம்.

தமிழுக்கும் இதனால் பயன் உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் மொழியில் தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரல் எழுதலாம். அதன் மூல நிரலும் யாவரும் காணத் திறந்தே உள்ளது. கணியம் என்னும் மின்னிதழ் 2012 முதல் இத்துறைச் செய்திகளைத் தமிழில் தந்துள்ளது. ஊர் கூடித் தேர் இழுக்கும் இவ்வேலையில், வடம் பிடிக்க நமக்கும் இடம் உண்டு.

வீட்டில் பயன்படாமல் கிடக்கும் கணிப்பொறி ஏதேனும் இருந்தால், பெற்றோர்கள் அதைப் பள்ளிக்குத் தந்து உதவுமாறு வேண்டுகிறோம். அருட்சகோதரிகள் வாரத்தில் ஒரு மாலை அறையைத் திறந்து தந்தால் போதும். இவ்வாண்டு இறுதியில் நாங்கள் வகுப்பை விட்டுச் செல்வோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, வாய்ப்பாட்டு நிரலை மீண்டும் எழுதத் தொடங்குவோம், வாருங்கள். அதன் முதல் கமிட்டில் எங்கள் பெயரோடு உங்கள் பெயரும் இருக்கட்டும்!