ஃபயர்வோலுக்கும் முன்னால் நிற்கும் கார்ட்: பாவித்த கணினி வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி

வின்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. தனிநபர் பாவனையாளர்களுக்கு அப்போது அறிவிக்கப்பட்ட நீடிப்பு 2026 ஒக்டோபர் 13 வரைதான். ஆதரவு இப்படி முடிவதால் அலுவலகங்கள் பழைய மேசைக் கணினிகளைக் கழித்துவிடுகின்றன. அவற்றில் ஒன்றை வாங்கி பிஎஃப்சென்ஸ் அல்லது ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வோல் மென்பொருளைப் போட்டு வீட்டு ஃபயர்வோல் ஆக்கலாமா என்று கட்டுகஸ்தோட்டை, கம்பளை, மாத்தளை என்று பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதிக் கேட்கிறார்கள்.

தாராளமாக ஆக்கலாம். சிக்கல் லேன் போர்ட்டில்தான். அந்தக் கணினிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு போர்ட் இருக்கும். ஃபயர்வோலுக்கு இரண்டு வேண்டும். எந்த லேன் கார்டைப் போடுவது? "இன்டெல் வாங்கு, ரியல்டெக் பக்கம் போகாதே" என்பதுதான் கடைக்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பையன் வரை எல்லோரும் சொல்லும் பதில். அது பாதி உண்மை. மற்றப் பாதி தெரியாமல் பணம் கொடுக்கக் கூடாது.

பெட்டியில் எழுதியிருப்பதன் பொருள்

"கிகாபிட்" என்பது கேபிளில் பிட்டுகள் ஓடும் வேகம் மட்டுமே. தரவு பக்கெட்டுகள் என்ற துண்டுகளாகவே வருகிறது. அந்த வேகத்தில் முழு அளவு பக்கெட்டுகள் வந்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 81,000. மிகச் சிறியவையாக வந்தால் ஏறத்தாழ 14.88 இலட்சம். இவ்வளவையும் கார்ட் தாங்கும் என்று பெட்டி எங்கும் உறுதி தரவில்லை.

"சேர்வர் தரம்" என்பது விற்பனைச் சொல். "ஒரிஜினல் இன்டெல்" என்றால் பெரும்பாலும் சிப் இன்டெல்லுடையது என்று அர்த்தம். அந்தச் சிப்பைப் பலகையில் பொருத்தியது யார் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. என்னை உறுத்துவது அதுதான். காரணத்தை 2013இல் நடந்த ஒரு சம்பவம் காட்டும்.

ஒரு பக்கெட் கொன்ற கார்ட்

அமெரிக்காவில் இணையவழித் தொலைபேசிச் சேவை நடத்திய ஸ்டார்2ஸ்டார் நிறுவனத்தின் பொறியியலாளர் கிறிஸ்டியன் கீல்ஹொஃப்னர், 2013 பெப்ரவரியில் தான் கண்டுபிடித்த ஒன்றை வெளியிட்டார். அவர்கள் பாவித்த இயந்திரங்களில் இன்டெல் 82574எல் லேன் போர்ட்கள் திடீர் திடீரென்று செத்துப்போயின. கணினியை ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லை. மின்சாரத்தை முழுதாக நிறுத்தி மீண்டும் கொடுத்தால்தான் உயிர் வந்தது.

பக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் துருவிய அவர் கடைசியில் வந்து நின்ற இடம் ஒரே ஒரு பைட். பக்கெட்டின் தொடக்கத்திலிருந்து 1151 பைட் தள்ளி உள்ள இடத்தில் "2" அல்லது "3" என்ற எழுத்து வந்தால் கார்ட் அணைந்துவிடும். "1" வந்தால் ஒன்றும் ஆகாது. "4" வந்தாலோ கார்டுக்குத் தடுப்பூசி போட்டது மாதிரி: அடுத்த முறை மின்சாரத்தை நிறுத்தும் வரை "2" வந்தாலும் "3" வந்தாலும் அது அசையாது.

இதில் ஃபயர்வோல் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பக்கெட்டை முதலில் பார்ப்பது கார்ட். அது பார்த்து, நினைவகத்தில் இறக்கி வைத்த பிறகுதான் ஃபயர்வோலின் விதிகள் அந்தப் பக்கெட்டைத் தொடுகின்றன. ஆகவே எத்தனை கடுமையான விதி எழுதியிருந்தாலும் இந்தப் பக்கெட் வெளிப்போர்ட்டை வீழ்த்துவதை அது தடுத்திருக்காது. ஒரு இணையத்தளம் அனுப்பும் சாதாரணப் பதிலுக்குள்ளேயே இப்படிப்பட்ட பக்கெட்டைச் செருகி, ஃபயர்வோலுக்குப் பின்னால் இருக்கும் கணினியையும் வீழ்த்தலாம் என்று கீல்ஹொஃப்னர் எச்சரித்தார்.

இன்டெல் அதே மாதம் பதில் சொன்னது. சிப்பில் பிழையில்லை, ஒரு குறிப்பிட்ட மதர்போர்ட் தயாரிப்பாளர் தொழிற்சாலையில் தவறான ஈஈப்ரொம் பதிவை எழுதிவிட்டார் என்பதே அந்தப் பதிலின் சாரம். சிப் விழித்தெழும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவகம்தான் ஈஈப்ரொம்.

அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றாலும் வாங்குபவருக்கு ஆறுதல் இல்லை, கவலைதான் கூடுகிறது. சிப் அசல். பெயர் அசல். அப்படியிருந்தும் கார்ட் செத்தது, கண்ணுக்குத் தெரியாத நினைவகத்தில் யாரோ தவறாக எழுதியதால். அந்த நினைவகத்தை எழுதியவர் யார் என்று எந்தப் பெட்டியும் சொல்வதில்லை.

கணினியிடம் கேட்டாலும் முழுப் பதில் வராது. ஃபயர்வோலில் "பிசிஐகொன்ஃப்" கட்டளை கொடுத்தால் இன்டெல் கார்ட் 8086 என்ற நிறுவன எண்ணைக் காட்டும். ஐ350 என்றால் 1521, ஐ210 என்றால் 1533 என்று சிப் எண்ணும் வரும். ஆனால் நினைவகம் எழுதப்படாத ஐ210 தன்னை 1531 என்றுதான் அறிமுகப்படுத்தும்; எழுதிய பிறகே அது 1533 ஆகிறது. அடையாள எண்ணே அந்த நினைவகத்திலிருந்துதான் வருகிறது. அதை வைத்துக் கார்டின் பூர்வீகத்தை நிரூபிக்க முடியாது.

இன்டெல்லும் தவறும், ரியல்டெக்கும் ஓடும்

2020இல் ஐ225-வி என்ற 2.5 கிகாபிட் சிப்பின் முதல் பதிப்பில் பக்கெட்டுகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி தரப்படி அமையவில்லை. சில சுவிட்சுகளுடன் சேர்ந்தபோது பக்கெட்டுகள் தொலைந்தன. வேகத்தை 1 கிகாபிட்டுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதே அப்போது கிடைத்த நிவாரணம். பிறகு திருத்திய பதிப்புகள் வந்தன. பாவித்த கார்டாக வருவது எந்தப் பதிப்பு என்பதைச் சிப்பின் மேல் உள்ள குறியீட்டைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ரியல்டெக்கின் கெட்ட பெயர் பழைய 8139 சிப்பில் தொடங்கியது. வந்த ஒவ்வொரு பக்கெட்டையும் கணினியின் மூளையே எடுத்துப் பிரதி செய்ய வேண்டிய வடிவமைப்பு அது. இன்றைய 8111 வகைகள் அப்படி இல்லை. லினக்ஸில் பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடுகின்றன. பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் நிற்பவை. அங்கே உள்ளிருக்கும் டிரைவருடன் "வோச்டொக் டைம்அவுட்" என்ற செய்தி வந்து இணைப்பு அறுவதுதான் வழக்கமான முறைப்பாடு. ரியல்டெக் நிறுவனத்தின் சொந்த டிரைவரைத் தனியாக நிறுவினால் பலருக்குச் சரியாகிறது. இந்தக் குறை லொக்கில் எழுதப்படுகிறது, திருத்தவும் வழி இருக்கிறது. யார் எழுதியதென்று தெரியாத ஈஈப்ரொம் அப்படியல்ல.

எதை வாங்குவது

பெயர் தெரியாத புதிய "இன்டெல்" கார்டைவிட, பெரிய நிறுவனங்களின் சேர்வர்களிலிருந்து கழற்றிய கார்டையே நான் நம்புவேன். டெல், எச்பி பெயரும் பாகத்தின் எண்ணும் ஒட்டிய ஐ350 இரட்டைப் போர்ட் கார்ட் நல்ல தெரிவு. அதன் பலகைக்கும் அதிலுள்ள பதிவுக்கும் பொறுப்பேற்ற நிறுவனம் ஒன்று இருக்கிறது. ஹொலோகிராம் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்; போலி கார்டிலும் அது பளபளக்கிறது.

சிறிய பெட்டிக் கணினிக்கு கார்டின் பின்பக்கம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் உயரமுள்ள குட்டைத் தகடு வேண்டும். சாதாரணத் தகடு ஏறத்தாழ 12. கம்பளையிலிருந்தோ மாத்தளையிலிருந்தோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா வரை போய் வாங்குபவர், திரும்பி வந்து தகடு பொருந்தாமல் தவிக்கக் கூடாது. கார்டைப் பொருத்தியதும் ஒரு இரவு முழுக்க ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓடவிட்டு, காலையில் பிழைக் கணக்குப் பூச்சியமா என்று பாருங்கள். பிழை இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதியை வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

பலகையைச் செய்தவர் பெயரும் ஈஈப்ரொம் பதிப்பும் பெட்டியில் அச்சாக வேண்டும். பிஸ்கட் பக்கெட்டில் தயாரிப்பாளர் முகவரி கேட்கும் நாட்டில் இது பெரிய கோரிக்கை அல்ல.

மற்றக் கேள்விகள்

2.5 கிகாபிட் வேண்டுமா? 100 மெகாபிட் இணைப்புக்கு 1 கிகாபிட்டே பத்து மடங்கு.

பிபிபிஓஇ முறையில் இணைபவர்? ஃப்ரீபிஎஸ்டியில் வரும் பக்கெட்டுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் சேரும். வேகமான ஒற்றைக் கோர் உள்ள கணினியைப் பாருங்கள்.

யூஎஸ்பி லேன் அடப்டர்? நாள் முழுக்க ஓடும் ஃபயர்வோலுக்கு வேண்டாம்.

மின்னல்? லேன் போர்ட்டின் மின்காப்பு 1500 வோல்ட்டுக்கே சோதிக்கப்படுகிறது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலைநாட்டில் இடி முழங்கும்போது கூரைமேல் ஓடும் செப்புக் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

ஃபயர்வோல் இருந்தால் வின்டோஸ் 10ஐத் தொடரலாமா? கூடாது, 2023இல் லங்கா அரச கிளவுட் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் தொலைந்தபோது அங்கே ஓடியதும் ஆதரவு முடிந்த மைக்ரோசொஃப்ட் மின்னஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2013தான்.