எல்லை தாண்டும் சரஸ்வதி

பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஆண்டுதோறும் சாலை வழியாகவே போய் வருகின்றன மூன்று தெய்வங்கள். இடையில் குறுக்கிடும் மாநில எல்லை அவற்றுக்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் பயணம் முடியும் மண்டபத்தில் இருந்த இன்னொரு எல்லையைக் கடக்க, பாறசாலையில் பிறந்த ஒரு பெண் 81 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

களியக்காவிளையில் லாரிகள் காத்துக் கிடப்பது புதிதல்ல. தமிழ்நாட்டின் காய்கறியும் கேரளத்தின் ரப்பரும் எதிரெதிரே கடந்து செல்லும் ஊர் அது. ஆனால் புரட்டாசியில் ஒரு நாள் லாரிகள் ஓரம்கட்டப்படுவதற்குக் காரணம் சோதனைச் சாவடி அல்ல. முத்துக்குடை பிடித்து ஒரு யானை வருகிறது. அதன் மேல் சரஸ்வதி. பின்னால் பல்லக்குகளில் முருகனும் அம்மனும். சாலையின் இரு பக்கமும் குத்துவிளக்குகள், வாழையிலையில் பூவும் பழமும், பறை நிறைய நெல். பெண்கள் குரவையிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் காவலர்கள் மரியாதை செய்து வழியனுப்ப, சில அடி தள்ளி நிற்கும் கேரளக் காவலர்கள் மரியாதை செய்து வரவேற்கிறார்கள். யாரும் யாரிடமும் கடவுச்சீட்டு கேட்பதில்லை.

திருவனந்தபுரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் கோடை விடுமுறையில் கோவளம் கடற்கரையைப் பார்த்துவிட்டு, கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அவர்களுக்குக் கார் ஜன்னலில் ஓடி மறையும் பெயர்ப் பலகைகள் மட்டுமே. அந்தச் சாலையில்தான் தென்னிந்தியாவின் அபூர்வமான ஒரு விழா ஆண்டுதோறும் நடந்து செல்கிறது.

கம்பன் கொடுத்த சரஸ்வதி

புறப்படும் தெய்வங்கள் மூன்று. பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டில் இருக்கும் சரஸ்வதி அம்மன், வள்ளியை மணந்த இடமாகச் சொல்லப்படும் வேளிமலையின் குமாரசுவாமி, சுசீந்திரத்தின் முன்னுதித்த நங்கை. கம்பர் பூஜித்த சரஸ்வதி இவள் என்பது செவிவழி வரலாறு. முதுமையில் கம்பர் விக்கிரகத்தைச் சேர மன்னனிடம் ஒப்படைத்து, நவராத்திரி பூஜை தடைபடக் கூடாது என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டாராம். சரித்திர ஆசிரியர்கள் இதற்கு ஆதாரம் கேட்கலாம். குமரி மாவட்டத்துக் கிழவிகள் கேட்பதில்லை.

பத்மநாபபுரம் தலைநகராக இருந்தவரை விழா அரண்மனையிலேயே நடந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தர்மராஜா என்று அழைக்கப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசன் இடம் மாறினாலும் வாக்குறுதி மாறவில்லை. தெய்வங்கள் ஆண்டுக்கொரு முறை அரசன் இருக்கும் ஊருக்குப் போய்வரத் தொடங்கின. இசையரசர் சுவாதித் திருநாளின் (1813-1846) காலத்தில் விழா இன்றைய வடிவத்தைப் பெற்றது என்பது வழக்கு.

அரசர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய உடைவாள் மிஞ்சியிருக்கிறது. புறப்படும் நாளன்று, அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் வாள் கைமாறிய பிறகே ஊர்வலம் நகரும். இங்கே ஒரு வேடிக்கை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. அதை நிர்வகிப்பதோ கேரள அரசின் தொல்லியல் துறை. எனவே தமிழ்நாட்டுக்குள் நடக்கும் வாள் கொடுக்கும் சடங்கில் கேரளத்தின் அமைச்சரும் அதிகாரிகளும் வந்து நிற்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிரமுகர்களும் பக்கத்தில் நிற்கிறார்கள். இரு மாநிலங்களும் முல்லைப் பெரியாறு பற்றி என்ன பேசிக்கொண்டிருந்தாலும் அன்று காலை அது பேசப்படுவதில்லை.

கோடு விழுந்த நிலம்

பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் கடக்கும் தூரத்தை ஊர்வலம் மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. முதல் இரவு குழித்துறையில். இரண்டாம் நாள் களியக்காவிளை, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை. மூன்றாம் நாள் தலைநகர்.

இந்தச் சாலை எப்போதும் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. ஊர்வலம் கடந்து செல்லும் மார்த்தாண்டத்திலும், அருகில் உள்ள புதுக்கடையிலும் 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் அது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்று நீண்ட அந்தக் கோரிக்கைப் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் கோடு போட்டபோது தெற்கே உள்ள நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை இந்தப் பக்கத்தின் கடைசி ஊரானது. பாறசாலை அந்தப் பக்கத்தின் முதல் ஊர்.

கோடு விழுந்தது நிலத்தின் மீதுதான். நாக்கின் மீது விழவில்லை. எல்லையோரத்தில் பேசப்படுவது எங்கே தமிழ் முடிந்து எங்கே மலையாளம் தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத ஒரு பேச்சு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் சந்தைக்குப் போவதும் கோட்டைக் கேட்டு நடப்பதில்லை. ஊர்வலம் நின்றுவிடும் என்று 1956-ல் சிலர் பயந்திருக்கக்கூடும். ஆனால் இரண்டு அரசுகள் சேர்ந்து செய்யும் காரியமாக அது மாறிப்போனது. தொற்று நோய் ஊரை முடக்கிய 2020-ல் கூட, கூட்டமும் ஆரவாரமும் குறைக்கப்பட்டதே தவிர, பயணம் தடைபடவில்லை.

நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு

இரண்டாம் இரவு தங்கல் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவிலில். 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மா கட்டிய கோவில் இது. வளாகத்திலேயே ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பழைய பலாமரத்தின் எச்சம் பாதுகாக்கப்படுகிறது. எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஊர் சொல்லும் கதை.

இங்கிருந்து சில மைல் தொலைவில், நெய்யாற்றின் கரையிலேயே, அருவிப்புரம் இருக்கிறது. 1888-ல் ஸ்ரீநாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்த இடம். கோவிலுக்குள் நுழைய அனுமதியில்லாத சாதியில் பிறந்தவர், கோவிலையே உண்டாக்கிக் காட்டினார். திருவிதாங்கூரில் கோவில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்க 1936 நவம்பர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. அருவிப்புரத்துக்கு அது 48 ஆண்டு பிந்திய செய்தி. குரு தமிழ் கற்றவர், தமிழில் பதிகங்கள் பாடியவர், குமரி மாவட்டத்து மருத்துவாமலையில் தவமிருந்தவர் என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம். அவருக்கும் இந்தச் சாலை ஒரே நாடாகத்தான் இருந்தது.

கைதட்டல் இல்லாத கச்சேரி

மூன்றாம் நாள் கரமனையில் குமாரசுவாமி வெள்ளிக் குதிரை ஏறுகிறார். மாலையில் கோட்டைக்குள் வந்ததும் மூன்று தெய்வங்களும் பிரிகின்றன. குமாரசுவாமி ஆரியசாலைக்கு, முன்னுதித்த நங்கை செந்திட்டைக்கு, சரஸ்வதி பத்மநாபசுவாமி கோவிலுக்கு அருகில் உள்ள நவராத்திரி மண்டபத்துக்கு.

அடுத்த ஒன்பது மாலைகளும் சங்கீதம். சபா கச்சேரி பழக்கத்தோடு போகிறவர்கள் சற்றுத் திகைப்பார்கள். எண்ணெய் விளக்கின் வெளிச்சம். கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் மண்பானைகள், ஒலி சீராகப் பரவுவதற்காக. முதலில் முல்லமூடு பாகவதர்கள் தோடயமங்களம் பாடுகிறார்கள். பிறகு கச்சேரி. மாலை 6 மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடிந்தாக வேண்டும். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் துக்கடாவுக்கு இடமில்லை, நேயர் விருப்பம் கிடையாது. கைதட்டலும் கிடையாது. பாடுவது தேவிக்கு, மற்றவர்கள் ஒட்டுக் கேட்கிறவர்கள்.

எந்த நாளில் எந்த ராகம் பிரதானம் என்பதும் முடிவானது. சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது கிருதிகள், நாளுக்கொன்றாக: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபி. தஞ்சாவூர் வடிவேலு போன்ற தமிழ்க் கலைஞர்கள் அலங்கரித்த சபை சுவாதித் திருநாளுடையது. தமிழ்நாட்டின் முன்னணி வித்வான்கள் இந்த மண்டபத்தில் பாடுவதைப் பெருமையாகக் கருதி வந்தார்கள்.

வித்வான்கள் என்பது இங்கே சரியான சொல். விதுஷிகளுக்கு அங்கே இடமில்லை. வித்தைக்கெல்லாம் அதிதேவதை ஒரு பெண். அவள் முன்னால் பாடும் உரிமை மட்டும் பெண்களுக்கு இல்லை.

பாறசாலையின் குரல்

1924-ல் பாறசாலையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் பொன்னம்மாள். அப்போது பாறசாலை எல்லை ஊர் அல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நடுச்சாலையில் இருந்த ஓர் ஊர், அவ்வளவுதான். 1939-ல் திருவனந்தபுரத்தில் சங்கீத அகாதமி தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர். இன்றைய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி அதுதான். அதன் முதல் மாணவி பொன்னம்மாள். பிறகு அங்கேயே ஆசிரியராக நியமிக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரிக்குத் தலைமையேற்ற முதல் பெண்ணும் அவரே. குருவாயூர் சுப்ரபாதத்தின் மூலம் அவர் குரல் கேரளத்து வீடுகளில் விடியற்காலைக் குரலாயிற்று.

இத்தனை ‘முதல்’களுக்குப் பிறகும் ஒரு மண்டபம் மூடியே இருந்தது. சுவாதித் திருநாளின் கிருதிகளை வாழ்நாள் முழுவதும் கற்றுக் கொடுத்தவர், அவை பாடப்பட வேண்டிய இடத்தில் அவற்றைப் பாட முடியாது. அவரிடம் கற்ற ஆண்கள் பாடலாம்.

2006-ல் அரச குடும்பத்தைச் சேர்ந்த பாடகர் அஸ்வதித் திருநாள் ராமவர்மாவின் முயற்சியில் கதவு திறந்தது. 81 வயதுப் பொன்னம்மாள் நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதியின் முன் அமர்ந்து பாடினார். மரபுப்படி யாரும் கைதட்டவில்லை.

பாடும் பெண்களின் வரிசை அதன்பின் நிற்கவில்லை. 2017-ல் பொன்னம்மாளுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2021 ஜூன் 22 அன்று, 96-ஆம் வயதில் காலமானார். அண்டை ஊரின் பெயரைத் தாங்கிய இன்னொரு பாடகரும் அப்போது இல்லை. எளிய குடும்பத்திலிருந்து வந்து 2004-ல் பத்மஸ்ரீ பெற்ற நெய்யாற்றின்கரை வாசுதேவன் 2008-லேயே மறைந்துவிட்டார். காரில் கடந்து போகிறவர்கள் பார்க்காமல் விடும் இரண்டு பெயர்ப் பலகைகளும் கர்நாடக இசை உலகில் இரண்டு முகவரிகள்.

வருகிறவர்களுக்கு

கோடையில் மட்டுமே விடுமுறை கிடைக்கிறவர்களை எல்லையோரம் வெறும் கையோடு அனுப்புவதில்லை. பங்குனி பரணியன்று, எல்லையை ஒட்டித் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள கொல்லங்கோடு பத்ரகாளி கோவிலில் தூக்கத் திருவிழா. உயர்ந்த வில்லில் தொங்கியபடி தூக்கக்காரர்கள் பச்சிளம் குழந்தைகளைக் கையில் ஏந்திக் கோவிலைச் சுற்றி வருகிறார்கள். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்களின் நேர்த்திக்கடன் அது. மேலே பார்த்தபடி கீழே நிற்கும் தாய்மார்களின் முகத்தில் பக்தி பாதி, பயம் பாதி. அவர்களில் தமிழ்ப் பெண் யார், மலையாளப் பெண் யார் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் முடிந்தால் புரட்டாசியில் வருவது நல்லது. மண்டபத்துக்கு மரபு உடையில் போக வேண்டும். நேரத்துக்கு முன்பே போய்விட வேண்டும். அதைவிட, மண்டபத்துக்கு வருவதற்கு முன் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ ஒரு வீட்டுத் திண்ணைக்கு அருகே நின்று ஊர்வலத்தைப் பார்ப்பது முக்கியம். இந்த விழாவை யாரும் சுற்றுலாப் பயணிகளுக்காக உண்டாக்கவில்லை. டிக்கெட் இல்லை, நாற்காலி வரிசை இல்லை. விளக்கேற்றி வைத்து வெயிலில் நிற்கும் குடும்பங்கள்தான் இதன் புரவலர்கள்.

விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் பூஜப்புரை மண்டபத்துக்குப் போய்வருகிறார். ஒரு நாள் ‘நல்லிருப்பு’. பிறகு மூன்று தெய்வங்களும் வந்த வழியே திரும்புகின்றன. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை. திரும்பும் வழியில் கூட்டம் குறைவு. ஆனால் விளக்குகள் குறைவதில்லை. யானை கடந்து போனதும் ஓரத்தில் நின்ற லாரிகள் உறுமிக்கொண்டு கிளம்புகின்றன. எல்லை மறுபடியும் எல்லையாகிறது, அடுத்த புரட்டாசி வரை.