முதல் செஸ் புத்தகத்தைக் கடைசியிலிருந்து தேடுங்கள்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம். அதுவரை குகேஷ், டிங் லிரென் இருவருக்கும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைகளை வெட்டி மாற்றிக்கொண்டார். அடுத்த நகர்த்தலிலேயே பிஷப்புகளையும் மாற்றிக்கொள்ள வழி செய்தார். மிஞ்சுவது இரண்டு ராஜாக்களும் சில சிப்பாய்களும்தான், அதில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். அதற்குமேல் ஆடிப் பயனில்லை என்று டிங் கைகொடுத்துவிட்டார். சென்னைப் பையன் 18 வயதில் உலகப் பட்டம் வென்றது, பலகை ஏறக்குறைய காலியாகிவிட்ட அந்த இடத்தில்தான். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் பிள்ளையை செஸ் வகுப்பில் சேர்த்துவிட்டு, ‘எந்தப் புத்தகம் வாங்கலாம்?’ என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதிலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதலில் எண்ட்கேம், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டம் பற்றிய புத்தகம் வாங்குங்கள். ஓப்பனிங் புத்தகம் பிறகு, வெகு பிறகு.

செஸ் நூல்களில் அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்பவை ஓப்பனிங் நூல்கள்தான். முதல் பதினைந்து நகர்த்தல்களை மனப்பாடம் செய்தால் பிள்ளை ஜெயித்துவிடும் என்ற நம்பிக்கையை அவை தருகின்றன. ஆனால் செஸ்ஸில் சீக்கிரம் காலாவதியாகும் அறிவும் அதுவே. 2017இல் ஆல்ஃபாஸீரோ என்ற கணினி நிரல் தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்டு வந்தபோது, உச்ச நிலை ஆட்டக்காரர்களே தங்கள் தொடக்க நகர்த்தல்களைத் திரும்ப யோசிக்க வேண்டியதாயிற்று. பகடை உருட்டி ஆடும் பேக்கேமனில் இது இன்னும் முன்னதாகவே நடந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசௌரோ உருவாக்கிய நிரல், சில தொடக்கப் பகடைகளுக்கு வல்லுநர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த நகர்த்தல்களையே மாற்ற வைத்தது. 1976இல் வெளிவந்த பால் மேக்ரியலின் புகழ்பெற்ற பேக்கேமன் நூலில் தொடக்கப் பரிந்துரைகள் சில இன்று பழையவை; அடிப்படைக் கருத்துகளை விளக்கும் அதிகாரங்களுக்காக அதை இன்னும் படிக்கிறார்கள். செஸ் நூல்களிலும் அப்படியேதான். பலகையில் ஏழு காய்கள் வரை இருக்கும் நிலைகளுக்கெல்லாம் சரியான முடிவு என்ன என்று கணினி முழுமையாகக் கணக்கிட்டுவிட்டது. எளிய எண்ட்கேம்களைப் பற்றி நல்ல பழைய நூல்கள் சொன்ன அடிப்படைகள் அந்தக் கணக்கிலும் நிற்கின்றன.

பழையதாகாது என்பது மட்டும் காரணமல்ல. ஒரே ஒரு நிலையைப் பாருங்கள். வெள்ளை ராஜா பலகையின் நடுவில் ஐந்தாவது வரிசையில் நிற்கிறது, அதற்கு நேர் பின்னால் அதன் ஒரே சிப்பாய். கறுப்பு ராஜா, நடுவில் ஒரு கட்டம் மட்டும் விட்டு, எதிரே நிற்கிறது. வேறு காயே இல்லை. இப்போது கறுப்பின் முறை என்றால் கறுப்பு தோற்கும்; வெள்ளையின் முறை என்றால் ஆட்டம் டிரா. காய்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன, யார் நகர்த்த வேண்டும் என்பது மட்டுமே முடிவை மாற்றுகிறது. எட்டு வயதுப் பிள்ளை இதை ஒரு மாலையில் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்ட பிறகு, யானைகளை வெட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று தானாகவே கணக்குப் போடத் தொடங்கும். சிங்கப்பூரில் அந்தக் கடைசி நிமிடங்களில் குகேஷ் போட்டதும் இந்த இனத்தைச் சேர்ந்த கணக்குத்தான். முப்பத்திரண்டு காய்களோடு தொடங்கும் ஓப்பனிங் பாடத்தில் இந்தத் தெளிவைக் கொடுக்கவே முடியாது.

அப்படியானால் எதை வாங்குவது? கபபிளாங்கா 1921இல் எழுதிய ‘செஸ் ஃபண்டமெண்டல்ஸ்’ எளிய செக்மேட்டுகளிலும் சிப்பாய் எண்ட்கேமிலும்தான் தொடங்குகிறது. நூறு வருஷம் தாண்டியும் அந்த வரிசை சரியாகவே இருக்கிறது. ஜெரமி சில்மனின் 2007ஆம் ஆண்டு எண்ட்கேம் நூல் ரேட்டிங் படிகளாகப் பிரிக்கப்பட்டது. உன் படி வரை படி, மிச்சத்தைப் பிறகு பார் என்று ஆசிரியரே சொல்லிவிடுகிறார். பிள்ளைகளுக்கு என் முதல் தேர்வு அதுதான். அதற்குத் துணையாக இர்விங் செர்னெவின் ‘லாஜிக்கல் செஸ்’ போதும்: 33 முழு ஆட்டங்கள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் விளக்கம். பாபி ஃபிஷர் பெயரில் வந்த பாடநூல் செக்மேட் பயிற்சிக்கு நல்லது, அதைத் தாண்டி அதில் அதிகமில்லை. பிரக்ஞானந்தாவைப் பயிற்றுவித்த ஆர்.பி.ரமேஷ் நம் ஊரிலிருந்து 2022இல் எழுதிய கணக்கிடும் திறன் பற்றிய நூல் அருமையானது, ஆனால் அது போட்டிகளில் நன்றாக ஊறியவர்களுக்கானது. சென்னைக்காரர் எழுதியது என்ற பெருமைக்காக ஆரம்ப நிலைப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்தால் பிள்ளைதான் சோர்ந்துபோகும்.

லஸ் நடைபாதையிலோ ஜனவரிப் புத்தகக் காட்சியிலோ பழைய பிரதி கண்ணில் பட்டால், நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நகர்த்தல்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். ‘பி-கே4’ என்ற பாணியில் இருந்தால் அது பழைய குறிப்பு முறை. உலக செஸ் கூட்டமைப்பு 1981லேயே அதைக் கைவிட்டுவிட்டது, இன்றைய பிள்ளைக்கு அது வேற்றுமொழி. அதே நூல் புதிய குறிப்பு முறையில் கிடைக்கிறதா என்று விசாரித்து வாங்குங்கள்.

ஓப்பனிங் தெரியாமல் போனால் பத்தே நகர்த்தலில் பிள்ளை தோற்றுப்போகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தோல்விகளுக்குப் பெரும்பாலும் காரணம், காயைக் காவல் இல்லாமல் விட்டது. வரிசை மறந்தது அல்ல. நடுக்கட்டங்களைப் பிடி, குதிரையையும் பிஷப்பையும் வெளியே கொண்டுவா, ராஜாவைப் பத்திரப்படுத்து. இந்த மூன்றையும் சொல்ல ஒரு பக்கம் போதும், தனிப் புத்தகம் வேண்டாம். யூடியூபும் எஞ்சின் எனப்படும் செஸ் கணினி நிரலும் இலவசமாக இருக்கும்போது புத்தகம் எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. எஞ்சின் விடையைச் சொல்லிவிடும், யோசிக்கும் வேலையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டுவிடும். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, 2019இல் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை எஞ்சின் பக்கமே அவரை விடவில்லை என்பது ஊரறிந்த செய்தி. வீடியோவும் அப்படியே: நாம் யோசித்து முடிக்கும் முன் அடுத்த நகர்த்தல் வந்துவிடும். புத்தகம்தான் பிள்ளை பலகையில் காய்களை அடுக்கும்வரை காத்திருக்கும். ஆங்கிலம் தடையாகுமே என்றால், எண்ட்கேம் நூலில் படங்கள்தான் பெரும்பகுதி. அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வரிகளைத் தமிழில் சொன்னால் போதும்.

இந்த ஊரின் செஸ் அப்படித்தான் வளர்ந்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் சோவியத் கலாச்சார மையத்தில் நடத்திய டால் செஸ் கிளப்பில் ஆடி வளர்ந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். குடும்பம் மணிலாவில் இருந்த காலத்தில், அங்கே மதியம் டிவியில் வரும் செஸ் புதிரை அம்மா குறித்து வைப்பார். பள்ளிவிட்டு வந்த பையன் விடை கண்டுபிடித்து அனுப்புவான். பரிசு, ஒரு புத்தகம். பரிசுகள் குவிந்துபோய், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே என்று நிகழ்ச்சிக்காரர்களே சொல்லும்படி ஆயிற்று என்று ஆனந்த் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது புதிரைக் குறித்து வைத்த அம்மாதான்.

அதனால் பெற்றோரே, இந்த மாதம் ஒரே ஒரு புத்தகம் வாங்குங்கள். தினமும் இரண்டு பக்கம், பலகையில் காய்களை அடுக்கி, பிள்ளையோடு உட்காருங்கள். அது முடியும்வரை இரண்டாவது புத்தகம் வாங்காதீர்கள்.